ராயல் கேம்

ராயல் கேம் என்பது நியூசிலாந்தில் டனீடின் நகரை அடுத்த தையரோவா முனையில், வடக்கு அரச அல்பட்ராஸ் பறவையின் கூட்டை இரவு பகலாக இணையத்தில் ஒளிபரப்பும் நேரலைக் கேமரா. 2016 முதல் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை இதை நடத்துகிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இதில் பங்காளி.

மாவோரி மக்கள் தொரோவா என அழைக்கும் இக்கடற்பறவையின் சிறகு விரிப்பு ஏறக்குறைய 3 மீட்டர். நவம்பரில் ஒரே முட்டை இடும். ஆணும் பெண்ணும் முறை வைத்து ஏறத்தாழ 80 நாள் அடைகாக்கும். குஞ்சுக்குச் சில வாரங்கள் ஆனபின் பெற்றோர் இரண்டும் கடலுக்குப் போய்விடுவதால், திரையில் நெடுநேரம் தெரிவது தனித்திருக்கும் வெண்பஞ்சுக் குஞ்சுதான். இந்தக் காத்திருப்பே நேரலையின் சாரம். தொகுத்த ஆவணப்படங்களில் இதைக் காண்பது அரிது. இரை கொண்டுவரும் பறவை எதுவென்பது காலின் வண்ண வளையங்களால் தெரியும். குஞ்சின் அலகு பெற்றோரின் அலகுக்குள் குறுக்காக நுழைய, பெற்றோர் எண்ணெய் கலந்த உணவைக் கக்கி ஊட்டும். பணியாளர்கள் குஞ்சை எடை பார்ப்பதும் திரையில் வரும். செப்டம்பர் வாக்கில் குஞ்சு பறந்து, தென் அமெரிக்கக் கடற்பகுதிகளுக்குச் செல்லும்.

தையரோவா முனையின் அல்பட்ராஸ் குடியிருப்பு பறவையியலாளர் லான்ஸ் ரிச்டேலின் காவலால் நிலைபெற்றது. இங்கிருந்து முதல் குஞ்சு 1938இல் பறந்தது. மனிதர் வாழும் பெருநிலப்பகுதியில் அரச அல்பட்ராஸ் கூடு கட்டும் ஒரே இடம் இது. ஈத்தொல்லையும் கோடை வெப்பமும் குஞ்சுகளுக்கு ஆபத்து. வெப்ப நாட்களில் கூடுகளுக்கு நீர் தெளிக்கப்படுகிறது.