காயலான் கடையும் கணிப்பொறி ஏலமும்



வடசென்னையில், துறைமுகத்துக்கு அணித்தாக, இராயபுரம் புகைவண்டி நிலையம் நிற்கின்றது. தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு இங்கிருந்துதான் புறப்பட்டது. அந்நிலையத்தின் பழைமையை அறிந்து போற்றுகிறோம். ஆனால், அதே இரயில்வேத் துறை பிற்காலத்தில் கையாண்ட கணிப்பொறிகளை நம்மில் எத்தனை பேர் நினைவு கூர்கிறோம்?

1960-களின் பிற்பகுதியில் நமது இரயில்வே தன் மண்டலத் தலைமையகங்களில் ஐ.பி.எம். 1401 என்னும் கணிப்பொறியை நிறுவியது. 1959-இல் அமெரிக்காவில் அறிமுகமான பொறி அது. ஓர் அறையையே அடைத்துக் கொள்ளும். ஆயினும் அதன் நினைவகம் 16,000 எழுத்துகளுக்கு மேல் கொள்ளாது. துளையிட்ட அட்டைகளை உண்டு, சம்பளக் கணக்கையும் சரக்கு வருவாய்க் கணக்கையும் அச்சிட்டுத் தந்தது. அயல்நாடுகளில் பயன்பட்டுத் திரும்பிய இவ்வகைப் பொறிகளைப் பம்பாயில் செப்பனிட்டே ஐ.பி.எம். நிறுவனம் இந்நாட்டில் வாடகைக்கு விட்டது. பிறர் கழித்ததை நாம் வாழ வைத்தோம். பின்னர் புதிய பொறிகள் வந்தன. நாமும் அவற்றைக் கழித்தோம்.

கழித்த பொறி எங்கே செல்லும்? இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நடந்து பாருங்கள். ஆலைகள் உள்ள இடத்தில் காயலான் கடைகளும் இருக்கும். அங்கே பொறிக்கு வரலாறு இல்லை. எடை மட்டுமே உண்டு. கணிப்பொறியின் மின்சுற்றுப் பலகையில் செம்பும் சிறிதளவு பொன்னும் இருப்பதால், அதை உடைப்பதில் ஊதியம் உண்டு. பலகையை நெருப்பிலும் அமிலத்திலும் இட்டால் உலோகம் கிட்டும். காற்றும் நீரும் கெடும். பொறியோ என்றென்றைக்கும் அழியும்.

இதற்கு மறுதலையான ஒரு சந்தை 1995-க்குப் பின் தோன்றியது. இணையத்தின் வழியே ஏலம் விடும் முறை அவ்வாண்டில் அமெரிக்காவில் தொடங்கிப் பரவியது. ஓர் ஊரில் குப்பையாகக் கிடப்பது மற்றோர் ஊரில் தேடப்படும் செல்வம் என்பதை அது உலகுக்குக் காட்டிற்று. 1976-இல் ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்ட 'ஆப்பிள் 1' கணிப்பொறியின் அன்றைய விலை 666 டாலர் 66 சென்ட். அவற்றுள் ஒன்றை 2014-இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டிலேயே கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி, கணவர் மறைந்தபின் வீட்டைத் துப்புரவு செய்து, பழம் பொருள் நிலையத்தில் சில பெட்டிகளை விட்டுச் சென்றார். அவற்றுள்ளும் ஓர் 'ஆப்பிள் 1' இருந்தது! அந்நிலையத்தார் அதனை 2,00,000 டாலருக்கு விற்று, பாதியை அளிக்க அவரைத் தேடினர்.

விலையைக் கேட்டு வியப்பது எளிது. எது அரியதாகிறது என்று சிந்திப்பதே வரலாற்று மாணவர் கடமை. எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் போதாது; அது இயங்குதல் வேண்டும்; அதன் கையேடும் நிரல்களும் உடன் இருத்தல் வேண்டும். கலிபோர்னியாவின் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில், ஓய்வு பெற்ற பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து 1401 பொறிகளை மீண்டும் இயக்கினர். தோண்டி எடுத்த செப்பேட்டைப் படித்துக் காட்டுவதற்கு ஒப்பான பணி அது.

நம் நாட்டிலும் தேடத் தக்கவை உண்டு. 1984-இல் தொடங்கிய கணிப்பொறிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு 'பி.பி.சி. மைக்ரோ' பொறிகள் வழங்கப்பட்டன. உங்கள் பள்ளியின் பழைய அறையில் ஒன்று தூசு படிந்து கிடக்கலாம். கண்டால் உடனே மின்னிணைப்புக் கொடுத்துவிடாதீர்கள். முதுமையடைந்த மின்தேக்கிகள் வெடித்துப் புகையக் கூடும். படம் எடுங்கள், வரிசை எண்ணைக் குறித்து வையுங்கள், அதில் பயின்றவரிடமும் பயிற்றியவரிடமும் கேட்டு எழுதுங்கள். வெறும் பொறியை ஏலத்தில் வாங்கிவிடலாம். அதன் கதையை எந்த ஏலத்திலும் வாங்க இயலாது.

இராயபுரம் நிலையம் நமக்கு எஞ்சியதற்குக் காரணம், அதனை இடிக்கலாகாது என்று சிலர் உரிய காலத்தில் சொன்னதே. காயலான் கடையின் தராசில் ஏறுமுன் அவ்வாறு ஒரு சொல் சொல்ல, கணிப்பொறிக்கும் ஆள் வேண்டும். அவர் நீங்களாக இருத்தல் கூடும்.