ஊரார் ஊரில் இல்லாத காலத்துச் சாளரங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் கடல்நீரேரிக்கும் நடுவே கிடக்கும் கொக்கிளாயின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1951ஆம் ஆண்டில் அந்நீரேரி பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டதையும், 1984ஆம் ஆண்டு டிசெம்பரில் அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் வீடு வாசலையும் தோணி வலைகளையும் விட்டுப் பெயர்ந்ததையும், உள்நாட்டுப் போர் ஓய்ந்த பின்னர் 2011 அளவிலேயே அவர்களுள் ஒரு பகுதியினர் திரும்பி வந்ததையும் தவறாமற் குறிப்பர். அதே 1984இன் ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரொபேர்ட் ஷைஃப்ளர் என்பவர் ‘எக்ஸ்’ என்னும் சாளர முறைமையைத் தம் சகாக்களுக்கு அறிவித்தார் என்பதையும், 2011 ஏப்ரலில் ‘குனோம் 3’ என்னும் மேசைத்தளம் வெளிவந்தது என்பதையும் அவர்கள் குறிப்பதில்லை. குறிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும் இவ்விரண்டு காலவெல்லைகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துவதால், இன்று கொக்கிளாயில் ஒரு மாணவி லினக்ஸ் கணினியைத் திறந்தவுடன் திரையிற் காணும் சட்டங்கள், பட்டைகள், பொத்தான்கள் ஆகியவை பெரும்பாலும், அவளுடைய பெற்றோரும் பாட்டனாரும் அகதிகளாய் அலைந்த ஆண்டுகளிலே பிறரால் ஆக்கி முடிக்கப்பட்டவை என்பது தெளிவு. அந்த ஆக்கத்தின் ஒரு சிறு பகுதியாகிய சாளர மேலாளரையும், அதனோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கூறுகளையும் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸை வகுத்தபோது செய்த மிக முக்கியமான தீர்மானம், ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டதேயாகும். திரையிற் கோடிழுக்கவும், விசைப்பலகையின் செய்தியை உரிய நிரலுக்குச் சேர்ப்பிக்கவும் வேண்டிய வசதிகளை மட்டும் எக்ஸ் அளித்தது; சாளரத்துக்குத் தலைப்பட்டை வேண்டுமா, அதை எப்படி நகர்த்துவது, எது மேலே எது கீழே என்ற நிருவாகத்தையெல்லாம் வேறொரு தனி நிரலின் பொறுப்பாக விட்டுவிட்டது. அந்த நிரலே சாளர மேலாளர். அதே 1984இல் விற்பனைக்கு வந்த அப்பிள் மக்கின்ரோஷில் இத்தகைய பிரிவினைக்கு இடமில்லை. அங்கே உற்பத்தியாளர் தீர்மானித்ததே தோற்றம். எக்ஸிலோ, மேலாளர் பிடிக்கவில்லையென்றால் அதை நிறுத்திவிட்டு வேறொன்றை அமர்த்தலாம். 1987இல் டொம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதத் தொடங்கிய ‘டி.டபிள்யூ.எம்.’ வெகுகாலம் எக்ஸுடனேயே விநியோகிக்கப்பட்டது. அதன் நடத்தை முழுவதையும் பயனாளரின் இல்ல அடைவில் இருந்த ஓர் எளிய உரைக்கோப்பு நிர்ணயித்தது.

1993இல் ரொபேர்ட் நேஷன் என்பவர் அந்த மேலாளர் நினைவகத்தை அளவுக்கு மேல் விழுங்குவதைக் கண்டு, அதன் மூல நிரலைக் குறைத்தும் திருத்தியும் ‘எஃப்.வி.டபிள்யூ.எம்.’ என்பதைச் செய்தார். சிக்கனத்துக்காகப் பிறந்த அந்நிரல் சிக்கனத்தைக் காக்கக் கைக்கொண்ட உபாயமே கூறுகள். திரைகளின் சிறு வரைபடத்தைக் காட்டுவது ஒரு கூறு; பொத்தான் வரிசையைத் தாங்குவது மற்றொன்று; திறந்திருக்கும் சாளரங்களைப் பட்டியலிடுவது இன்னொன்று. இவை மேலாளரின் உடம்புக்குள் இருப்பவையல்ல; தனித்தனி நிரல்களாக ஓடி, குழாய் எனப்படும் யுனிக்ஸின் செய்திவழி மூலம் மேலாளரோடு பேசிக்கொள்பவை. வேண்டாதவன் அழைக்காமல் இருக்கலாம். அழைக்காத கூறுக்கு நினைவகத்தில் ஒரு துளியும் செலவில்லை. அதனினும் பெரிய சௌகரியம், கூறு ஒன்று பழுதுபட்டு விழுந்தால் அது மட்டுமே விழும், மேலாளர் நிற்பார் என்பது. கரைவலையில் மீன் சேரும் மடி கிழிந்தால் மடியை மாற்றிக் கட்டுவார்களேயன்றி வலையை இழுக்கும் கம்பாக் கயிற்றை அறுப்பதில்லை என்று சொன்னால், கொக்கிளாயில் எவரும் இதை விளங்கிக்கொள்வர்.

அக்கூறுகளை அமைத்துக்கொள்ளும் முறையும் சுவையானது. அமைப்புக் கோப்பில், கூறுகள் எந்த அடைவில் உள்ளன என்று முதலிற் சொல்லிவிட வேண்டும். பின்னர், நட்சத்திரக் குறியோடு தொடங்கிக் கூறின் பெயரை ஏந்திய வரிகளில், அதன் நிறம், எழுத்துரு, நீள அகலம், எத்தனை வரிசை என்பவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். பொத்தான் கூறுக்கு ‘விழுங்கு’ என்று பொருள்படும் கட்டளையைத் தந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகார நிரலைத் தன் கட்டத்துக்குள் இழுத்து அமர்த்திக்கொள்ளும். தானே சாளரத்தை மேலெழுப்பும் கூறுக்கு 500 என்று எழுதினால், சுட்டி ஒரு சாளரத்தின்மேல் அரை விநாடி தங்கிய பின் அச்சாளரம் முன்னே வரும். கடைசியில், தொடக்கத்தின்போது எந்தெந்தக் கூறுகளை எழுப்ப வேண்டும் என்பதைத் தொடக்கச் செயற்பாட்டிற் சேர்க்க வேண்டும். வரியை மாற்றியவர் கணினியை அணைத்து ஏற்ற வேண்டியதில்லை. கோப்பை மறுபடி வாசிக்கச் செய்து, அந்தக் கூறை நிறுத்தி மீள எழுப்பினால் போதும். இதில் மாயம் ஒன்றுமில்லை. எழுதியது நடக்கும், எழுதாதது நடவாது. அக்காலத்து ஸ்லாக்வெயர் முதலிய லினக்ஸ் விநியோகங்கள் இதையே பெரிதும் உபயோகித்ததில் வியப்பில்லை. பின்னர் ‘விண்டோஸ் 95’இன் முகத்தை இதற்குப் பூசி ஒரு கிளையையும் சிலர் உண்டாக்கினர், அதை ரசனையின் வீழ்ச்சி என்றே நான் கருதுகிறேன்.

நேஷன் இவ்வாறு நினைவகத்தை மிச்சம் பிடித்த அதே தொண்ணூறுகளில், முல்லைத்தீவு உள்ளிட்ட வன்னியில் மின்சாரமே இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் மின்கலங்கூட அருமையாகியிருந்தது. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கின் திரியைச் சிறிதாக்கி மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்துப் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். சிக்கனத்தைப் பற்றி எவரும் அவர்களுக்கு உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை. சிக்கனமாய் ஓட்டக் கணினிதான் இல்லை.

சாளர மேலாளர்களின் உலகில் 2006இல் காட்சி மாறிற்று. நொவெல் நிறுவனத்தில் டேவிட் ரெவ்மன் ஆக்கிய ‘கம்பிஸ்’, திரைச்சித்திர அட்டையின் வலிமையைக் கொண்டு சாளரங்களைக் கூழ்போல் நெளியவும், மேசைத்தளங்களைக் கனசதுரமாய்ச் சுழலவும் வைத்தது. அதிற் கூறுகளுக்குச் செருகுநிரல்கள் என்று பெயர். அவை குழாய்க்கு அப்பால் நில்லாமல் மேலாளரின் உடம்புக்குள்ளேயே செருகப்பட்டன. சாளரத்தை நகர்த்துவதும் ஒரு செருகுநிரல், அளவு மாற்றுவதும் ஒரு செருகுநிரல், சட்டம் போடுவதும் ஒரு செருகுநிரல். ஆகவே அழகுக்கென ஒன்றைத் தெரிவுசெய்யப் போய்ச் சட்டம் போடுவதன் தெரிவை நீக்கிவிட்ட பயனாளர், தலைப்பட்டையற்ற சாளரங்களின் முன் திகைத்து நிற்க நேர்ந்தது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம், இ.ஆ.ப. அதிகாரி உமாசங்கரின் நிருவாகத்தில், தன் கணினிகளை நொவெலின் சூசே லினக்ஸுக்கு மாற்றிய ஆண்டுகளும் இவையே. சென்னையில் இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் ‘தேஜஸ்’ என்ற மூன்றாம் பதிப்பிலும் கம்பிஸின் முப்பரிமாண ஜாலங்கள் சேர்க்கப்பட்டன. பாஸ் பிற்பாடு தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அமர்ந்து இலட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது. 2011இல் உபுண்டுவின் ‘யூனிட்டி’ மேசைத்தளம் முழுவதுமே கம்பிஸின் ஒரு செருகுநிரலாக எழுதப்பட்டது. துணையாக வந்தது வீட்டையே எடுத்துக்கொண்டது.

குனோம் 3இன் நீட்சிகள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்படும் இவை மேசைத்தளத்தின் சொந்தச் செயலோட்டத்துக்குள் புகுந்து அதன் எப்பகுதியையும் மாற்ற வல்லவை; ஆகையால் எழுதுவோர்க்கு எல்லையற்ற சுதந்திரமும், உபயோகிப்போர்க்கு எல்லையற்ற சங்கடமும் ஒருங்கே விளைந்தன. குனோமின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய நீட்சிகள் செயலிழப்பதும், மோசமான ஒரு நீட்சி மேசைத்தளத்தையே வீழ்த்துவதும் வழமையாயின. எக்ஸுக்குப் பதிலாக இப்போது நிலைபெற்றுவரும் ‘வேலண்ட்’, திரையின் பரிபாலனத்தையும் சாளர நிருவாகத்தையும் ஒரே நிரலில் ஒடுக்கிவிட்டபடியால், மேலாளரை நடுவில் மாற்றிக்கொள்ளும் பழைய வசதி அங்கே இல்லை. இதனால் வேகமும் பாதுகாப்பும் கூடின என்பதை மறுப்பதற்கில்லை. ஷைஃப்ளர் பிரித்து வைத்ததைப் பின்வந்தோர் மீண்டும் சேர்த்துக் கட்டினர் என்பதும் மறுக்கவியலாது.

என் அபிப்பிராயத்தில், குழாய்வழிக் கூறுகளின் அமைப்பே இவற்றுள் நேர்மையானது; பழுது எங்கே நேர்ந்தது என்பதை அது ஒளிப்பதில்லை. வன்னியின் கரையோரப் பாடசாலை ஒன்றுக்குப் பிறர் கழித்த பழைய கணினிகள் வந்து சேருமாயின், ஆசிரியர்கள் அவற்றைப் பயனற்றவை என ஒதுக்குமுன், முப்பரிமாணம் வேண்டாத இத்தகைய மேலாளர் ஒன்றை நிறுவி, பொத்தான் வரிசைக்கும் திரை வரைபடத்துக்கும் உரிய வரிகளைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். ரொபேர்ட் நேஷனின் நிரல் வழக்கொழிந்துவிடவில்லை. அதன் மூன்றாம் தலைமுறை 2020இல் வெளிவந்தது, கூறுகளுக்கான வரிகள் அதிலும் நட்சத்திரக் குறியோடுதான் தொடங்குகின்றன.