ஏலத்தில் எடுத்தாச்சு... வீட்டுக்கு எப்படி கொண்டு வருவது?

"ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!"

ஏலம் என்றவுடன் எல்லோர் காதிலும் கேட்பது இந்தக் குரல்தான். மூன்றாவது தரம் சொல்லி முடித்தவுடன் பொருள் கைமாறிவிட்டது. எடுத்தவர் அங்கேயே நிற்கிறார், பொருளும் அங்கேயே இருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

இணையத்தில் நடக்கும் ஏலத்தில் கதையே வேறு. எடுத்தவர் ஓர் ஊரில் இருப்பார், பொருள் வேறோர் ஊரில் இருக்கும். சின்னப் பொருளாக இருந்தால் தபாலில் வந்துவிடும். பீரோ, சோபா, பியானோ மாதிரி பொருளாக இருந்தால்? இங்கிலாந்தில் ஈபே ஏலங்களில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு வார்த்தைகள் "கலெக்‌ஷன் ஒன்லி". அதாவது அனுப்பி வைக்க மாட்டோம், நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வார்த்தைகளைச் சரியாகப் படிக்காமல் ஏலம் கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

இது இன்டர்நெட் வந்த பிறகு முளைத்த பிரச்சினை என்று தோன்றும். உண்மையில் இதன் வேர் மிகவும் பழையது.

ரோமாபுரியில் ஒரு பேங்கர்

பழைய ரோமில் தரையில் ஓர் ஈட்டியை நட்டு ஏலம் விடுவது வழக்கம். கி.பி. 193-ல் பிரிட்டோரியன் காவல்படையினர் சாம்ராஜ்யத்தையே ஏலம் விட்டார்கள்! வீரர் ஒருவருக்கு 25,000 செஸ்டெர்ஸ் தருவதாகச் சொல்லி டிடியஸ் ஜூலியானஸ் என்பவர் அதை எடுத்தார். 66 நாட்களில் பதவியும் போனது, உயிரும் போனது. ஏலத்தில் ஜெயிப்பது வேறு, ஜெயித்த பொருளை அனுபவிப்பது வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது.

சாதாரண ஏலங்களில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. 1875-ல் பாம்பேய் நகரில் ஒரு வீட்டைத் தோண்டியபோது 150-க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் கிடைத்தன. கேசிலியஸ் யூகுண்டஸ் என்ற பேங்கரின் கணக்குகள் அவை. பெரும்பாலானவை ஏலத்தில் பொருள் விற்றவர்கள் அவரிடம் பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுகள். விற்றவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, எடுத்தவரிடம் பிறகு வசூலித்துக்கொள்வது அவர் வேலை. அதற்கு ஒரு கமிஷன். முன்பின் தெரியாத இரண்டு பேர் நடுவில் பணத்துக்குப் பொறுப்பாக ஒரு மூன்றாவது ஆள் இருந்தார். இதை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

மெழுகுவர்த்தி ஏலமும் கடைசி நொடியும்

17-ஆம் நூற்றாண்டு லண்டனில் மெழுகுவர்த்தி ஏலம் பிரபலம். ஓர் அங்குல மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைப்பார்கள். சுடர் அணையும்போது கடைசியாகக் கேட்டவருக்கே பொருள். 1660-ல் இப்படிக் கப்பல்கள் விற்கப்பட்டதை சாமுவேல் பீப்ஸ் தன் டைரியில் எழுதியிருக்கிறார். 1662-ல் இன்னொரு சுவாரஸ்யமான விஷயத்தையும் எழுதினார். ஓர் ஆள் மட்டும் எப்போதும் சரியான நேரத்தில் கேட்டு ஜெயித்துக்கொண்டிருந்தார். விசாரித்தால், சுடர் அணைவதற்குச் சற்று முன் புகை கீழ்நோக்கி இறங்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்றாராம். ஈபேயில் கடைசி ஐந்து நொடியில் விலை கேட்டுத் தட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அவர்தான் முன்னோடி!

அப்போதும் கப்பலை யாரும் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கவில்லை. எடுத்தவர்தான் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். 1766-ல் தொடங்கிய கிறிஸ்டீஸ் போன்ற ஏல நிறுவனங்களும் இதையே நிபந்தனையாக வைத்தன. உள்ள குறைகளோடு, எடுத்தவர் சொந்தச் செலவில், சொன்ன நாளுக்குள் பொருளை எடுத்துச் சென்றுவிட வேண்டும். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் புலம்பவில்லை. காரணம் எளிது. ஏலத்துக்கு முன்பே பொருளைத் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. இடமும் தெரியும், வண்டியும் வெளியே நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பி.காம். படிப்பவர்களுக்கு இந்தப் பகுதி பழக்கமானதுதான். பிரிட்டனின் 1893-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தை ஒட்டித்தான் இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு சட்டம் எழுதப்பட்டது. அதன் 64-வது பிரிவு, சுத்தியல் தட்டப்பட்டவுடன் ஏல விற்பனை முடிந்துவிட்டது என்கிறது. அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம், அதன் பிறகு முடியாது. 1789-ல் பெய்ன் எதிர் கேவ் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த விதி இது.

36-வது பிரிவைப் பரீட்சைக்குப் படித்ததோடு மறந்துவிடுவோம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், விற்கும்போது பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் டெலிவரி என்கிறது அது. அதாவது சட்டத்தின் பார்வையில் "நேரில் வந்து எடுத்துக்கொள்" என்பதுதான் பொது விதி. வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் விதிவிலக்கு! 44-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விற்றவர் தயாராக இருந்து எடுக்கச் சொல்லியும் நியாயமான காலத்துக்குள் வாங்கியவர் எடுக்கவில்லை என்றால், அதனால் வரும் நஷ்டத்தையும் பொருளைப் பாதுகாத்த செலவையும் அவர்தான் கொடுக்க வேண்டும்.

எல்லோரும் ஒரே ஊரில் இருந்த காலத்தில் இந்த விதியால் யாருக்கும் கஷ்டமில்லை. தூரம் நடுவில் வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஈபே வந்த கதை

1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் "ஆக்‌ஷன்வெப்" என்ற பெயரில் ஒரு தளத்தைத் தொடங்கினார். அங்கே முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர், விலை 14.83 டாலர். 1997-ல் அதன் பெயர் ஈபே ஆனது. 1999-ல் பிரிட்டனுக்கு வந்தது. இந்தியாவில் 2004-ல் பாஸீ டாட் காம் நிறுவனத்தை வாங்கி ஈபே கால் பதித்தது, 2018-ல் அந்த இந்தியத் தளம் மூடப்பட்டது.

லேசர் பாயிண்டரைக் கவரில் போட்டு அனுப்பலாம். ராயல் மெயிலின் சாதாரண பார்சலுக்கு எடை வரம்பு 20 கிலோ. சுவரோடு நிற்கும் சாதாரண பியானோவே 200 கிலோ தாண்டும். அதனால் கனமான பொருளுக்கு 36-வது பிரிவின் பழைய உலகம் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பழைய ஏலத்தில் பார்ப்பது, கேட்பது, எடுப்பது மூன்றும் ஒரே இடத்தில் நடந்தன. இணையம் முதல் இரண்டையும் வீட்டுக்குள் கொண்டு வந்தது. மூன்றாவதை மட்டும் 200 மைல் தள்ளி விட்டுவிட்டது.

லண்டனில் இருக்கும் ஒருவர் லீட்ஸில் உள்ள பீரோவை 20 பவுண்டுக்கு ஏலத்தில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போக வர ஏறக்குறைய 400 மைல். வேன் வாடகை, பெட்ரோல், ஒரு நாள் லீவு எல்லாம் சேர்த்தால் புது பீரோவே வாங்கியிருக்கலாம். விற்றவருக்கு வார நாளில் மட்டும்தான் நேரம் இருக்கும், எடுப்பவருக்கு ஞாயிறு மட்டும்தான். போன பிறகுதான் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்று தெரியும். போட்டோவில் தெரியாத விரிசல் நேரில் தெரியும். திரும்பிப் போனால் பெட்ரோல் நஷ்டம், எடுத்துக்கொண்டால் பீரோ நஷ்டம்!

விற்பவர் பக்கமும் கஷ்டம் உண்டு. ஜெயித்துவிட்டு வராமலே போகிறவர்கள் இருக்கிறார்கள். வருவார் வருவார் என்று ஹாலில் சோபாவை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன்பு விற்பவரும் வாங்குபவருக்கு மோசமான மதிப்பெண் கொடுக்க முடிந்தது. 2008-ல் ஈபே அந்த உரிமையை எடுத்துவிட்டது.

பணம் யார் கையில்?

இங்கேதான் பாம்பேய் பேங்கர் மீண்டும் வருகிறார். 2002-ல் ஈபே வாங்கிய பேபால் ஏறக்குறைய அவர் வேலையைத்தான் செய்தது. ஆனால் விற்பவருக்கான அதன் பாதுகாப்பு, பொருள் அனுப்பியதற்கான ஆதாரத்தை நம்பியே இருந்தது. நேரில் எடுத்துச் சென்ற பொருளுக்கு அந்த ஆதாரம் ஏது? எடுத்துப் போனவர் "வரவேயில்லை" என்று புகார் செய்தால் விற்றவர் மாட்டிக்கொள்வார். அதனால் விற்பவர்கள் "நேரில் வரும்போது கேஷ்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வாங்குபவர் நோட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. எந்த இடத்தில் நடு ஆள் மிகவும் தேவையோ, அந்த இடத்தில் அவர் காணாமல் போனார்.

கோர்ட்டுக்குப் போனவர்கள்

விற்றவர் கடைசி நேரத்தில் மனம் மாறினால்? ஆஸ்திரேலியாவில் 1946-ல் தயாரான விர்ராவே ரக விமானம் ஒன்று 2006-ல் ஈபே ஏலத்துக்கு வந்தது. ஒருவர் 1,50,000 ஆஸ்திரேலிய டாலருக்குக் கேட்டு ஜெயித்தார். விற்றவரோ, வேறொருவர் ஒரு லட்சம் டாலர் அதிகம் தருகிறார் என்று கொடுக்க மறுத்தார். 2007-ல் நியூ சவுத் வேல்ஸ் சுப்ரீம் கோர்ட், ஒப்பந்தம் செல்லும், விமானத்தைக் கொடு என்று தீர்ப்பளித்தது.

ஜெர்மனியில் ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் பஸாட் கார் 1 யூரோ ஆரம்ப விலையில் ஏலத்துக்கு வந்தது. வெளியில் நல்ல விலைக்கு ஆள் கிடைத்ததால் விற்றவர் பாதியிலேயே ஏலத்தை நிறுத்தினார். அப்போது அந்த 1 யூரோதான் விலை. காரின் மதிப்பு 5,250 யூரோ. 2014 நவம்பரில் ஜெர்மனியின் உயர் நீதிமன்றம், கேட்டவருக்கு 5,249 யூரோ நஷ்ட ஈடு உண்டு என்று உறுதி செய்தது.

ஆக, சட்டம் வாங்கியவர் பக்கம்தான். ஆனால் விமானத்துக்கும் காருக்கும் கோர்ட்டுக்குப் போகலாம். 20 பவுண்டு பீரோவுக்கு யார் வக்கீல் வைப்பார்கள்? உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்கும் செலவு, பொருளைவிடப் பெரியதாக இருக்கும்போது அந்த உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. இந்தப் பிரச்சினையின் அடி ஆழம் இதுதான்.

ஏலத்துக்கு மருந்து இன்னொரு ஏலம்

தீர்வும் சந்தையிலிருந்தே வந்தது. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வேன்கள் நிறைய. அவற்றை இப்படிப்பட்ட பொருள்களோடு இணைக்க 2008-ல் ஷிப்லி, 2009-ல் எனிவேன் என்ற நிறுவனங்கள் பிரிட்டனில் தொடங்கின. ஷிப்லியில் பொருளின் விவரத்தைக் கொடுத்தால் வேன்காரர்கள் போட்டி போட்டு விலை குறைப்பார்கள். ஏலத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட மாதிரி! 2016-ல் வந்த ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் வேறு வழியில் போனது. பக்கத்து ஊர்ப் பொருளையே முதலில் காட்டித் தூரத்தையே குறைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேரில் எடுக்க வேண்டிய பொருள் மலிவாகப் போவதற்குக் காரணமே இந்தத் தொல்லைதான். தூரத்தில் இருப்பவர்கள் போட்டிக்கு வருவதில்லை, விலை ஏறுவதில்லை. பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு அது அதிர்ஷ்டம். தூரத்து ஊர்க்காரருக்கு அது ஒரு தூண்டில்.

ஏலத்தில் தெரியும் விலை பாதி விலைதான். மீதிப் பாதி சாலையில் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு கேட்பவர்தான் உண்மையில் ஏலத்தில் ஜெயித்தவர். மற்றவர்களுக்கு மூன்றாம் தரம் சொன்ன பிறகுதான் கதையே ஆரம்பம்!