அடியும் மன்னிப்பும் மாறி மாறி வரும்போது

அடிக்கிறான். அழுது மன்னிப்புக் கேட்கிறான். சில வாரம் அன்பாக இருக்கிறான். பிறகு சிடுசிடுப்பு, மீண்டும் அடி. இந்தச் சுழற்சியை அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979ல் எழுதிய நூலில் விளக்கினார். காஜிமார் தெருவிலோ நெல்பேட்டையிலோ மேலூரிலோ இருக்கும் நமக்கு இது தெரியாததல்ல. பிள்ளையோடு தாய்வீடு வரும் பெண், "அனுசரித்துப் போம்மா" என்ற அறிவுரையோடு திருப்பி அனுப்பப்படுகிறாள். ஏன் திரும்பத் திரும்பப் போகிறாள் என்ற கேள்வியும் அவள் மீதே விழுகிறது. இடையில் வரும் அந்த நல்ல நாட்களை நம்பித்தான் போகிறாள். வேறு போக்கிடமும் இல்லை.

இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (4:35). பெண்ணைத் தனியே விசாரிக்காமல், நடந்ததைத் தேதியோடு எழுதாமல், கணவனுக்கு நிபந்தனை வைக்காமல் ஒரே மாலையில் முடியும் சமாதானத்தை நடுவம் என்று நாம் ஏற்க முடியாது.

தலாக்கோ குலாவோ கேட்காமலேயே பாதுகாப்புப் பெற வழி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, கணவன் வீட்டிலேயே பயமின்றிக் குடியிருக்க மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். மனு எழுத மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். 60 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கத்தான் செய்யும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தந்த தீர்ப்பையும் ஜமாஅத் நிர்வாகிகள் படிக்க வேண்டும். தலாக் சொல்லிவிட்டதாகக் கூறி மறுமணம் செய்தார் ஒரு கணவர். ஷரீஅத் கவுன்சில் சான்றிதழும் காட்டினார். தலாக்கை மனைவி மறுத்தால் நீதிமன்றம்தான் முடிவு செய்யும், அந்தச் சான்றிதழ் செல்லாது என்றது கிளை. மனைவிக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் உறுதியானது.

மகள் காயத்தோடு வந்து நின்றால் முதலில் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காயம் எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 181 எண் இருக்கிறது. நிக்காஹ் பதிவின் நகல், பிள்ளையின் சான்றிதழ்கள், ஆதார், நகை ரசீது எல்லாம் தாய்வீட்டில் ஒரு பையில் இருக்கட்டும்.