தெற்கு வாசலும் மனை நூலும்



எங்கள் தோட்டத்தில் இரண்டு தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பம் ஒன்று. பக்கத்துத் தாமானில் அவர்களுக்கு ஒரு மலிவு விலை வீடு கிடைத்தது. முன்பணமும் கட்டியாகிவிட்டது. சாவி வாங்கும் நாள் நெருங்கிய வேளையில், ஒரு மாலைப் பொழுதில் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார்.

"வாத்தியாரையா, வீடு தெக்க பாத்திருக்கு. தெக்கு எமன் தெசைன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. முன்பணம் போனாலும் போவுது, வேணாம்னு விட்டுடலாமான்னு பாக்கிறோம்" என்றார்.

அந்த முன்பணம் அவர் மனைவியின் கழுத்திலும் காதிலும் கிடந்த நகை. நான் உடனே பதில் சொல்லவில்லை. மனையடி சாத்திரம் என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோமே தவிர, அந்த நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்ப்பவர் குறைவு. நானும் அதுவரை பார்த்தவன் அல்லன். அன்று முதல் தேடிப் படித்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மனை வகுக்கும் கலை நம்மவரிடம் மிகப் பழங்காலத்திலேயே இருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், நக்கீரர் ஓர் அரண்மனைக்கு மனை வகுத்த விதத்தைப் பாடியிருக்கிறார். கோல்களை நட்டு, நடுப்பகலில் அவற்றின் நிழலைப் பார்த்துத் திசை குறித்து, பிறகு கயிறு பிடித்து அளந்தார்களாம். அது சித்திரைத் திங்கள் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்குகிறார். மதுரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது இன்றும் ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் சமயத்தில்தான்.

பின்னர் வடமொழியில் மயமதம், மானசாரம் முதலிய நூல்கள் எழுந்தன. இவற்றுள் மயமதம் சோழர் காலத்தில் தென்னாட்டில் உருவானது என்பது அறிஞர் கருத்து. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், புருனோ டாகென்ஸ் என்பவரைக் கொண்டு 1970 முதல் அதைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது.

திசை காணும் முறையை இந்நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. நிலத்தைச் சமப்படுத்தி நடுவில் ஒரு முளைக்குச்சியை நட வேண்டும். அதற்குச் சங்கு என்று பெயர். ஊதுகிற சங்கு அல்ல. குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். காலையில் நீண்டு கிடக்கும் நிழல் குறுகி வந்து, அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் மறுபடி நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் கயிற்றால் இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்குக் கோடு. திசைகாட்டி இல்லாத காலத்துக் கணக்கு இது.

எங்கள் பள்ளித் திடலில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை வைத்து இதைச் செய்து பார்த்தேன். நிழல் மிகக் குறுகி நின்றபோது மணி பன்னிரண்டு அல்ல. கெடாவில் அது ஒன்றே காலையும் தாண்டிவிடுகிறது. 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்தள்ளினார்களே, அதுவும் இதற்கு ஒரு காரணம். "சார், கடியாரந்தான் பொய்யா?" என்று ஒரு பையன் கேட்டான்.

மண்ணைச் சோதிக்கும் முறையும் உண்டு. ஒரு முழக் குழி தோண்டி, தோண்டிய மண்ணை அதே குழியில் திரும்பப் போட வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல நிலம், சரியாக நிரம்பினால் நடுத்தரம், குழி நிரம்பாவிட்டால் ஆகாது. ரப்பர் கன்றுக்குக் குழி வெட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இறுகிய மண்ணை வெட்டினால் பொலபொலவென்று பெருகும். பொக்கை மண் பெருகாது, அதன்மேல் எழுப்பும் சுவரும் நிற்காது. அந்திவேளையில் குழியில் நீர் ஊற்றி, விடியற்காலையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். நிலத்தை உழுது விதைத்து, முளைத்த பயிரை மாடுகளுக்கு மேயவிட்டு, அதன் பின்னரே மனை வகுப்பார்கள்.

இக்கலை கடல் கடந்து இந்நாட்டுக்கும் வந்திருக்கிறது. கெடாவில் குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பாகாட் சண்டி என்ற பழைய கோயில் உள்ளது. குவாரிச் வேல்ஸ் தம்பதியர் 1930-களில் அதை அகழ்ந்தனர். அலஸ்டேர் லாம்ப் 1960 வரை மீண்டும் ஆராய்ந்து கற்களை எடுத்துக் கட்டினார். அப்போது கோயிலுக்கு அடியில் கல் பெட்டிகளும் செம்புக் கலங்களும் கிடைத்தன. கட்டடம் எழுமுன் நிலத்தில் பொன்னும் மணியும் இடும் வழக்கத்தை மயமதம் விரிவாகச் சொல்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துப் போனபோது, மண்டபத்தில் தூண் நின்ற கற்களை எண்ணச் சொன்னேன். மரத்தூண்களும் கூரையும் என்றோ மக்கிப் போய்விட்டன. தூணுக்கு அடியிலிருந்த கற்கள் மட்டும் போட்ட இடத்தில் கிடக்கின்றன.

இவ்வளவு பெருமை சொன்ன நான் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். இந்நூல்கள் வெண்ணிற மண் ஒரு வருணத்தாருக்கு, செம்மண் மற்றொரு வருணத்தாருக்கு என்று நிலத்தையே பிரிக்கின்றன. வீட்டின் அளவையும் அப்படியே பிரிக்கின்றன. கடைசியில் வைக்கப்பட்டோர் ஊருக்கு வெளியேதான் குடியிருக்க வேண்டும். கப்பல் ஏறி இங்கு வந்த நம் முன்னோர் பலர் அப்படி ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு எந்தத் தச்சன் நிழல் பார்த்து வாசல் வைத்தான்?

இங்கு வந்த பிறகும் அதே கதைதான். லயத்து வீட்டுக்கு மனையடி ஏது? துரைக்கு வசதியான இடத்தில், பெரட்டுக் களத்துக்குப் பக்கமாக, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒரு பக்க வீடுகள் கிழக்கே பார்த்தால் முதுகு ஒட்டிய மறுபக்க வீடுகள் மேற்கே பார்க்கும். ஒரே கூரையில் பிறந்து வளர்ந்த இரு பக்கத்தாரில் கிழக்கு வாசல்காரர் செல்வந்தர் ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை. தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று தனிச் சட்டம் வந்ததே 1966-இல்தான்.

இனித் தெற்கு வாசலுக்கு வருவோம். மனையைப் பக்கத்துக்கு ஒன்பதாக, எண்பத்தொரு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு தேவதைக்கு உரியதாகச் சொல்வது வழக்கம். தெற்குப் பக்கத்தின் நடுக்கட்டம், அதாவது ஐந்தாவது, எமனுக்கு உரியது. ஊரார் பயம் இதிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் நூல்கள் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற நான்கு பக்கத்துக்கும் வாசல் சொல்கின்றன. எந்தப் பக்கமானாலும் ஒன்பதில் நான்காவது பங்கு வாசலுக்கு ஏற்றது. வீட்டுக்குள் நின்று வெளியே பார்க்கும்போது இடப்புறத்திலிருந்து எண்ண வேண்டும். தெற்கே வாசலே கூடாது என்றால் இந்தக் கணக்கு எதற்கு? தமிழ்நாட்டில் தென்றல் வருவதே தெற்கிலிருந்துதான். தில்லையில் ஆடும் நடராசரும் தெற்கு நோக்கியே நிற்கிறார்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவரும் மனைவியும் நானும் ஒரு கயிற்றோடு அந்த வீட்டுக்குப் போனோம். முகப்பு பதினெட்டு அடி. பங்குக்கு இரண்டு அடி. இடப்புறம் ஆறடி விட்டு ஏழாவது அடியிலிருந்து எட்டு வரை நான்காம் பங்கு. கதவு ஏழில் தொடங்கிப் பத்தில் முடிந்தது. "பாதி சரி, பாதி எமன்" என்று அவர் சிரித்தார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கதவைத் திறந்தால் காற்று வருகிறதா என்று மட்டும் பார்த்தோம், வந்தது.

அந்த அம்மா பின்னால் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். அடுப்புக்குத் தென்கிழக்கு மூலை என்பார்கள். அந்த வீட்டிலோ அது வடக்கே, பின்புறத்தில் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்குவதைக் கண்டு, "லயத்துல வாசப்படியில அடுப்பு வச்சு மூணு புள்ளைய வளத்தேன் வாத்தியாரையா. இங்க கொழா தண்ணி உள்ளாறயே வருது. சாவி எப்பத் தருவாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.