குறிக்கோள் இன்றிப் பிறந்த இயங்குதளம்: 1974ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஒரு பத்தி

ஒவ்வொரு நிரலும் ஒரே வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டும், பெரிய வேலைகளை நிரல்களைக் கோத்து முடிக்க வேண்டும் என்ற கொள்கை முதலில் இருந்தது, யூனிக்ஸ் இயங்குதளம் அதிலிருந்து விளைந்தது என்றே ஆய்வுகள் பெரும்பாலும் கூறி வந்துள்ளன. பயனரிடம் அது காட்டும் மௌனத்தையும் அக்கொள்கையின் கணக்கில் எழுதுவர். இந்த வரிசை தலைகீழானது என்பது என் துணிபு.

யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதைப் பற்றி 1974 ஜூலையில் வெளியிட்ட கட்டுரையின் இறுதிப் பகுதியில் உள்ள ஒரு பத்தியே இங்கு முதன்மைச் சான்று. முன்கூட்டி வகுத்த எந்தக் குறிக்கோளையும் நிறைவேற்ற யூனிக்ஸ் உருவாக்கப்படவில்லை, அதன் வெற்றிக்குப் பெரும் காரணமே அதுதான் என்கிறார்கள். கிடைத்த வசதிகளில் நிறைவு காணாத தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில் தொடங்கினார். நிரல் எழுதுவோரின் வசதி, நினைவகச் சிக்கனம், இயங்குதளம் தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது ஆகிய மூன்றையும் பின்னோக்கிப் பார்க்கையில் புலப்படுபவை என்றே குறிக்கிறார்கள். முந்தைய ஆய்வுகள் இதை அவையடக்கமாகக் கொண்டு கடந்துவிட்டன. நான் நேர்ப்பொருளிலேயே கொள்கிறேன்.

காரணம், நிரல்களைக் கோக்கும் குழாய் வசதியின் வரலாறு. ரிட்சி 1979இல் எழுதியபடி, அவர்களுடைய சகா டக்ளஸ் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் 1972இல்தான் அது சேர்ந்தது. முதலில் அதற்கெனத் தனிக் குறிகூட இல்லை. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் அதே குறியையே இரவல் வாங்கினார்கள். குழப்பம் நேர்ந்த பிறகே செங்குத்துக் கோடு வந்தது. கோத்தலே மூலக் கொள்கை என்றால் அதற்கான குறி இப்படித் தட்டுத்தடுமாறி வந்திருக்காது. நாம் மேற்கோளாகக் காட்டும் கோட்பாட்டு வரிகளோ 1978இல் மெக்கில்ராயும் உடனாசிரியர்களும் எழுதிய முன்னுரையில் உள்ளவை.

மெக்கில்ராய் 1964லேயே ஒரு குறிப்பில் நிரல்களைத் தோட்டக் குழாய்போல் இணைக்கக் கோரியதை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். அக்குறிப்பில் இருந்த விருப்பம் வேறு, அது இல்லாமலே சில ஆண்டுகள் ஓடிய இயங்குதளம் வேறு. இதற்குமேல் அந்த மறுப்புக்கு வலுவில்லை. ரிட்சியின் சாட்சியம் நினைவிலிருந்து எழுதப்பட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மௌனத்துக்கு வருவோம். தாம்சனின் எட் உரைத்தொகுப்பி பிழை நேர்ந்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிடும். நொடிக்குப் பத்து எழுத்து அச்சிடும் டெலிடைப் முன் அமர்ந்தவருக்கு நீண்ட விளக்கம் தண்டனை. பிழை என்னவென்று அவருக்குப் பெரும்பாலும் தெரியும். போதாதென்று தோன்றினால் மூலநிரலையே திருத்திக்கொள்வார். எழுதியவரும் பயன்படுத்தியவரும் ஒருவரே. அந்தச் சூழலில் மௌனம் அலட்சியமாக இருந்திருக்க முடியாது. குழாய் வந்தபின் மௌனத்துக்கு வேறொரு பயன் கிடைத்தது: தேவையற்ற சொல் அடுத்த நிரலின் உள்ளீட்டைக் கெடுக்கும். முன்பே இருந்த பழக்கம் இப்படித்தான் கொள்கையானது.

1981இல் உளவியலாளர் டொனால்ட் நார்மன் யூனிக்ஸின் கட்டளைப் பெயர்களையும் மௌனத்தையும் கண்டித்ததைக் கொள்கைமேல் விழுந்த அடியாகப் படிப்பது வழக்கம். அவர் கண்டது, எழுதியவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே என்ற நிலையின் முறிவை என்று நினைக்கிறேன். யூனிக்ஸை நிறுவிய பல்கலைக்கழகத்தின் வட்டில் மூலநிரல் இருக்கலாம். கடிதம் தட்டச்சு செய்பவர் அதைத் திறக்கப் போவதில்லை. தாம்சனுக்குப் போதுமான கேள்விக்குறி அவருக்கு எதையும் சொல்லவில்லை. அத்தகைய பயனரின் எரிச்சல் முழுக்க நியாயமானது. ஆனால் 1969இன் வடிவமைப்பில் பயனர்மீதான இகழ்ச்சி இருந்ததற்கு அது சான்றாகாது.