வன்முறை ஆய்வில் ஒப்பீட்டின் இடம்: லொம்ப்ரோசோ முதல் டனீடன் வரை

ஒருவன் ஏன் கத்தியை எடுக்கிறான், அதே அளவு கோபம் வந்த இன்னொருவன் ஏன் எடுப்பதில்லை என்ற கேள்விக்கு மருத்துவமும் உளவியலும் விடை தேடத் தொடங்கி ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தேடலின் வரலாற்றைக் கருவிகள் நுட்பமடைந்த கதையாகச் சொல்வது வழக்கம்: முதலில் மண்டையோடு, பிறகு குரோமோசோம், அடுத்து மரபணு. ஆனால் கருவி மாறிய பிறகும் பழைய பிழை ஒன்று விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. சிறையிலும் காப்பகத்திலும் இருப்பவர்களை மட்டும் சோதித்து, அவர்களிடம் கண்ட ஒரு கூறையே வன்முறையின் காரணம் என்று அறிவிப்பதுதான் அது. அந்தப் பிழையைத் திருத்தியது புதிய கருவியைவிட, வெளியே இருப்பவர்களையும் கணக்கில் சேர்த்த முறையான ஒப்பீடே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ, வில்லெல்லா என்ற கைதியின் மண்டையோட்டின் பின்புறத்தில் ஒரு பள்ளத்தைக் கண்டார். அது கீழ்நிலை விலங்குகளுக்கு உரிய அமைப்பு எனக் கருதி, குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கிப் பிறந்த மனிதன் என்ற கோட்பாட்டை எழுப்பி, 1876இல் நூலாக வெளியிட்டார். படைவீரர்களையும் அவர் அளந்து பார்த்ததுண்டு. ஆயினும் இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலானதா என்று சோதிக்கும் புள்ளியியல் ஒழுங்கு அதில் இல்லை. அதைச் செய்தவர் ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங். ஏறத்தாழ 3,000 கைதிகளின் அளவுகளைக் கேம்பிரிட்ஜ் மாணவர்கள், படைவீரர்கள் முதலானோரின் அளவுகளோடு வைத்துப் பார்த்து, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு எதுவும் இல்லை என்று 1913இல் அவர் நிறுவினார். கோரிங்கும் பரம்பரையை நம்பியவர்தாம் என்பதால் இந்த முடிவுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பிறப்பே குற்றம் என்ற எண்ணம் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871லேயே வந்துவிட்டது. அது லொம்ப்ரோசோவிடமிருந்து பிறந்ததன்று என்றாலும், அதே நம்பிக்கையின் மீதுதான் நின்றது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்து, பிறமலைக் கள்ளர் போன்ற சமூகங்களை முழுமையாகக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தது.

அரை நூற்றாண்டு கழித்து அதே தவறு குரோமோசோம் வடிவில் திரும்பி வந்தது. ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்த 197 ஆண்களைச் சோதித்த பாட்ரீசியா ஜேக்கப்ஸ் குழுவினர், ஏழு பேரிடம் கூடுதலாக ஓர் ஒய் குரோமோசோம் இருப்பதை 1965இல் வெளியிட்டனர். பொதுவாக ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இந்த எக்ஸ்ஒய்ஒய் அமைப்பு உண்டு. இந்த அமைப்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்த மருத்துவமனைக்கும் சிறைக்கும் போகாமல் வாழ்கிறார்கள் என்பதைப் பத்திரிகைகள் கவனிக்கவில்லை. 1966இல் சிகாகோவில் எட்டு இளம்பெண்களைக் கொன்றவனுக்கும் இந்தக் குரோமோசோம் உண்டு என்று எழுதினார்கள். சோதனையில் அது பொய்யென்று தெரிந்தது. பாஸ்டனில் பிறந்த குழந்தைகளிடமே இதைத் தேடிய திட்டம் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1975இல் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த டென்மார்க் ஆய்வுதான் சரியான ஒப்பீட்டைச் செய்தது. கோபன்ஹேகனில் 1944 முதல் 1947 வரை பிறந்த ஆண்களில் உயரமான 4,139 பேரைச் சோதித்ததில் 12 பேர் எக்ஸ்ஒய்ஒய். அவர்களில் ஐவர் தண்டனை பெற்றிருந்தார்கள். சாதாரணக் குரோமோசோம் அமைப்பு உள்ளவர்களில் தண்டனை பெற்றோர் 9.3 சதவீதமே. ஆனால் அந்த ஐவரின் குற்றங்களில் பெரும்பாலானவை வன்முறை சாராதவை. எனவே வன்முறைக்கும் இக்குரோமோசோமுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் கிட்டவில்லை.

மரபணு ஆய்வும் இதே வழியில்தான் போனது. ஹான் ப்ரூனர் 1993இல் ஒரு டச்சுக் குடும்பத்து ஆண்களிடம், மூளையின் வேதிப்பொருள்களைச் சிதைக்கும் எம்ஏஓஏ நொதி முற்றிலும் இல்லாததையும், அவர்களிடம் திடீர் ஆவேசம் காணப்பட்டதையும் விவரித்தார். ஒரே குடும்பத்தில் கண்ட மிக அரிய குறைபாடு அது. ஆக்கிரமிப்புக்கென்று தனி மரபணு உண்டு என்ற பேச்சை அவரே பின்னர் மறுத்தார். 2002இல் அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மோஃபிட் குழுவினர் வேறு பாதையை எடுத்தார்கள். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்து, குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்தவர்களில் 442 ஆண்களை ஆராய்ந்தார்கள். இந்த நொதி குறைவாகச் செயல்படும் மரபணு வடிவம் அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் இருந்தது. அது மட்டும் அவர்களை வன்முறையாளராக்கவில்லை. சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகி, இந்த வடிவமும் கொண்டிருந்தவர்கள் குழுவில் 12 சதவீதம். வன்முறைத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் மீதானவை. உடலா சூழலா என்ற பழைய விவாதம் இங்கே பொருளிழந்தது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வரலாம். 1966இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து சுட்டவனின் மூளையில் பிணப் பரிசோதனையில் கட்டி இருந்ததே, இதற்கு ஒப்பீடு எதற்கு என்பது ஒன்று. அந்தக் கட்டிக்கும் செயலுக்கும் உள்ள உறவை மருத்துவக் குழுவாலும் உறுதிப்படுத்த முடியவில்லை. மூளைக்கட்டி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் சுடுவதில்லை. டனீடன் முடிவையும் பிற ஆய்வுகள் சில நேரம் உறுதிசெய்யவில்லையே என்பது மற்றொன்று. உண்மைதான், ஆனால் 27 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த பகுப்பாய்வு, ஆண்களைப் பொறுத்தவரை அதற்கு ஆதரவாகவே இருந்தது. விளைவு சிறியது, எந்தத் தனிமனிதனைப் பற்றியும் முன்கூட்டிச் சொல்ல அது போதாது என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது.

இத்தனைக்குப் பிறகும் 2009இல் இத்தாலியின் திரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், மரபணுச் சான்றையும் கருத்தில் கொண்டு ஒரு கொலைக் கைதியின் தண்டனையை ஓராண்டு குறைத்தது. குழுவைப் பற்றிய சராசரி ஒரு தனிமனிதன் மீதான தீர்ப்பாக மாறும் ஆபத்துக்கு அது சான்று. இன்று அது சலுகையாகும்; நாளை அதே வாதம் முன்தடுப்புக் காவலுக்கான காரணமாகவும் ஆகலாம். ஆகவே மூளைப் படமோ மரபணுவோ வன்முறையின் காரணமாக முன்வைக்கப்படும் ஒவ்வொரு முறையும், அது நீதிமன்றத்துக்கோ பள்ளிக்கோ காவல் நிலையத்துக்கோ போகும் முன்பு, யாரோடு ஒப்பிட்டு இதைக் கண்டீர்கள் என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் விடை சொல்லியாக வேண்டும்.